ஒரே பால், ஒரே பொடி, இரண்டு உடம்பு

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும் வணக்கம்.

இந்த மாதிரி எழுதுவதற்குத் தலை கொஞ்சமாவது நரைத்திருக்க வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. கணவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்ததால் எட்டு வருடத்தோடு இந்தக் கிளினிக்கை விட்டுப் போகிறேன். அவ்வளவுதான் என் ஓய்வு. பொறுப்பு சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "போறதுக்கு முன்னாடி வர்ற பிள்ளைங்களுக்கு நாலு பக்கம் எழுதி வச்சுட்டுப் போ. ஊசி போடறது, கட்டு கட்டறதெல்லாம் வேணாம். அதுங்களுக்கே தெரியும்."

மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியிருந்தேன். பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. நான்காவது முறை, எனக்குத் தெரியாமல் போனதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனா நிற்கவே இல்லை. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இதைப் படிப்பவளாக இருந்தால், கடைசிப் பக்கத்தைப் புரட்டி அதைப் பார்த்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். அவளுக்குத் தினமும் காலையில் சத்துச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்தவுடன் காலண்டரில் ஒரு கோடு போடுவேன். கிளினிக்குக்கு வந்த பிறகு சந்தேகம் வந்துவிடும். கோடு இருக்கிறதா பாருங்கள் என்று மாமியாருக்குப் போன் செய்வேன். ஒருநாள் அவர், "கோடு இருக்குதும்மா. ஆனா நீ மருந்து குடுக்காம கோடு மட்டும் போட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. இப்படிப்பட்டவளிடம்தான் எஸ்தர் வந்து சேர்ந்தாள்.

எஸ்தருக்கு இருபத்தெட்டு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் மெஷின் ஆபரேட்டர்; ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கும் வேலை. பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்து, அன்றிலிருந்து தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். ஒருவேளைகூடத் தவறியதில்லை, வலிப்பும் திரும்ப வரவில்லை. ஆனால் இரண்டு வருடமாகத் தொடையிலும் இடுப்பிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. நடக்கும்போது இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். தையல் லைனில் கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வாத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் அதற்குக் கோபப்படுவதில்லை. "வாத்து வருது, வழி விடுங்க" என்று அவளே சொல்லிக்கொண்டு போவாளாம்.

அவளை அழைத்து வந்தவர் அவளுடைய அண்ணி கிரேஸ். நாற்பதைத் தாண்டியவர், அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே பஸ்ஸில் போனார்கள், ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்ததும் எஸ்தர் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். கிரேஸ் அக்கா பின்னாலிருந்து தோளைக் கொடுத்து ஏற்றிவிடுவார். "மூட்டை ஏத்தியாச்சு, ரைட்" என்று டிரைவருக்குக் குரல் கொடுப்பதும் அவர்தான்.

"பஸ்ஸுக்கு நான் இருக்கறேன் சிஸ்டர். மாடிக்கு யார் இருக்கறது?" என்றார் அவர்.

கம்பெனிக்குப் புது கன்வேயர் வரப்போகிறது. கீழ் ஹாலை அதற்கு ஒதுக்கிவிட்டு, ஸ்டிச்சிங் லைன் முழுவதையும் ஜூன் மாதம் மாடிக்கு மாற்றுவதாக முடிவாகியிருந்தது. வெளிப்பக்கமாக இருபத்திரண்டு படிகள். ஏற முடியாதவர்களுக்குக் கீழேயே அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை. சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். எஸ்தரைக் கூப்பிட்டு முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"மெஷின்ல உக்காந்துட்டா நான் யாருக்கும் கம்மி இல்ல சிஸ்டர்" என்றாள் எஸ்தர். "வளைவுத் தையல் வந்தா என்கிட்டதான் தள்ளுவாங்க. ஆனா மெஷின் கிட்ட போய்ச் சேரணுமே."

அது டிசம்பர் மாதம். ஜூனுக்கு ஆறு மாதம் இருந்தது.

வேலூருக்கு அனுப்பி ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்தோம். உடம்பில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது, எலும்பு மிருதுவாகிப்போயிருந்தது. வாரம் ஒருமுறை நம் கிளினிக்குக்கு வரும் டாக்டரம்மா எனக்குக் காரணம் சொன்னார். அவள் சாப்பிடும் வகை வலிப்பு மாத்திரை, வருடக்கணக்கில் போகும்போது, உடம்பில் இருக்கும் வைட்டமின் டியைச் சீக்கிரமாகச் செலவழித்துவிடும். போதாததற்கு அவள் விடிந்ததும் பஸ் ஏறி, பொழுது சாய்ந்த பிறகு இறங்குபவள். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் அவள் மேல் வெயில் படுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வாரத்துக்கு ஒரு பாக்கெட் வைட்டமின் பொடி, பாலில் கலந்து குடிக்க வேண்டும் என்று எழுதி, "எதுக்குன்னு அவங்களுக்கு விளக்கிச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்று சீட்டை என்னிடம் கொடுத்தார்.

நான் விளக்கவில்லை. அதுதான் முதல் தவறு.

பயம்தான் காரணம். வலிப்பு மாத்திரையால்தான் எலும்பு இப்படி ஆனது என்று சொன்னால் அதை நிறுத்திவிடுவாளோ? நிறுத்தி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்தால்? விரல் ஊசிக்கடியில் இருந்தால்? என் மனம் எப்போதுமே இப்படித்தான், படி இல்லாத இடத்தில்கூடத் தடுக்கி விழும். அதனால், "எலும்புக்குச் சத்துப் பொடி. வாரம் ஒண்ணு" என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது தவறைப் பெருமையோடு செய்தேன். தினமும் போடும் மாத்திரையை யாரும் மறப்பதில்லை; வாரம் ஒருமுறை என்றால் மறந்துவிடுகிறார்கள். ஷிப்டில் இருப்பவர்களுக்குக் கிழமையே தெரிவதில்லை. "இன்னா கிழமை இன்னிக்கி?" என்று என்னையே கேட்பார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். முஸ்லிம் வீடுகளில், ஜும்மா தொழுகை நாளில் போடுங்கள் என்பேன். கிறிஸ்தவ வீடுகளில், சர்ச்சுக்குப் போகிற நாளில் போடுங்கள் என்பேன். யாரும் மறக்கவில்லை. பொறுப்பு சிஸ்டர்கூட ஒருநாள் பாராட்டினார். அந்தப் பாராட்டை வீட்டில் நான்கு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எஸ்தரிடமும் அதையே சொன்னேன்: "சர்ச்சுக்குப் போற அன்னிக்குப் போடு."

பிப்ரவரி நடுவில் ஒருநாள் அவள் கிளினிக்குக்கு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஒரு தடவை தடுமாறினாள், ஆனால் கையை ஊன்றவில்லை. பெஞ்சில் காத்திருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பெஞ்சில் இருந்தவர்களில் ஒரு பெரியவர் மட்டும் தட்டவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மூச்சிரைப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டு, அவருக்கும் எலும்பு பலவீனமாகி, அதே பொடியை அதே வாரத்தில் தொடங்கியிருந்தார். "அந்தப் பொண்ணு எழுந்து ஆடுது. எனக்கு முதுகு அப்படியே இருக்குது. எனக்குக் குடுத்தது டூப்ளிகேட்டா சிஸ்டர்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஒரே பொடி எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்று அவர் எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தார். நான்தான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு லெந்து வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் சர்ச்சில் தினமும் சாயங்கால ஆராதனை உண்டு. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேராக வருபவர்கள் நிறைய. எஸ்தரும் கிரேஸ் அக்காவும் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தார்கள். நானும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். கிரேஸ் அக்கா, "சீக்கிரம் வா எஸ்தரு. பால் வாங்கிட்டுப் போய்ப் பொடி போடணும்" என்றார்.

"இன்னிக்கி வியாழக்கிழமைக்கா" என்றேன் நான்.

"ஆமா சிஸ்டர், வியாழன்தான்."

"பொடி ஞாயித்துக்கிழமைதான?"

என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்ப்பது போலவே என்னையும் பார்த்தார் அவர். "நீங்கதான சொன்னீங்க, சர்ச்சுக்குப் போற அன்னிக்குப் போடணும்னு. இப்ப தினமும்தான வர்றோம்?"

என் மகள் என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வலி தெரியவில்லை. லெந்து தொடங்கிய புதன்கிழமையிலிருந்து நேற்று வரை பதினைந்து நாள், பதினைந்து பாக்கெட். இரண்டு பாக்கெட் போக வேண்டிய இடத்தில் பதினைந்து. நான் கொடுத்தது நான்குதானே, மீதி எப்படி என்று கேட்டேன். பஜாரில் மருந்துக் கடையில் காலி பாக்கெட்டைக் காட்டி வாங்கினார்களாம். சிஸ்டர் சொன்னதை ஒரு நாளும் தவறாமல் செய்தோம் என்று இரண்டு பேர் முகத்திலும் அவ்வளவு திருப்தி.

இன்றைக்குப் போடாதீர்கள், நாளைக் காலையில் லீவு சொல்லிவிட்டுக் கிளினிக்குக்கு வந்துவிடுங்கள் என்றேன். அன்று இரவு நான் தூங்கினேனா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், கிட்னியைப் பாதிக்கும், வாந்தி வரும், நினைவு மங்கும் என்று படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. என் கண்ணுக்கு எஸ்தர் மட்டும்தான் தெரிந்தாள்.

காலையில் இருவரும் வந்தார்கள். எஸ்தரைப் படுக்கவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். வாந்தி இருக்கிறதா? இல்லை. தலை சுற்றல்? இல்லை. வயிறு? சுத்தமாகப் போகிறது. பசி? "நேத்து ஆராதனை முடிஞ்சு போய் நாலு இட்லி சாப்ட்டேன் சிஸ்டர்" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன். அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வெளியே தண்ணீர் டிரம்மில் டம்ளர் இடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. மூன்றாவது முறை கேட்டபோது எஸ்தரின் கையை விட்டுவிட்டு எழுந்து போனேன்.

கிரேஸ் அக்கா டிரம் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. என்னக்கா இவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். வெயில் ஜாஸ்தி சிஸ்டர் என்றார். நியாயம்தான், வேலூர்ப் பக்கத்தில் மார்ச் மாதம் தாகம் எடுக்காதவர் யார்? எப்போது நன்றாகச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். லெந்துக்கு விரதம், பசியே இல்லை என்றார். வயிறு போகிறதா என்று கேட்டேன். சாப்பிட்டால்தானே போகும் என்றார். உடம்பு அசதியாக இருக்கிறதா என்றேன். ஏற்றுமதி சரக்கு போகிறது, பேக்கிங்கில் இடுப்பு ஒடிகிறது என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. கடைசியில் அவர் என்னிடம், "சிஸ்டர், நாம ஏன் இங்க வந்திருக்கோம்?" என்று கேட்டார். அதற்குத்தான் காரணம் இல்லை.

"அக்கா, நீங்களும் பொடி போட்டீங்களா?"

"பின்ன? சத்துப் பொடின்னீங்களே. எனக்கும் முட்டி வலிதான? லெந்து ஆரம்பிச்சதுல இருந்து ஒரே சொம்புப் பால்ல ரெண்டு பாக்கெட்டையும் கலக்கி, ஆளுக்கு ஒரு டம்ளர் குடிப்போம்." மருந்துக் கடைக்காரர் சொன்னாரென்று கூடவே கால்சியம் மாத்திரையும் வாங்கியிருந்தார். எஸ்தர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் அவளுக்குக் கொடுக்காமல், தான் மட்டும் காலையும் மாலையும் போட்டுக்கொண்டிருந்தார்.

கிரேஸ் அக்காவுக்கு பிரஷர் உண்டு என்பது எனக்குத் தெரியும். அவருடைய சீட்டை நானே பல முறை பார்த்திருக்கிறேன். நீர் பிரியவைக்கும் வகை மாத்திரை. அவர் என் நோயாளியாக வரவில்லை, நோயாளிக்குத் துணையாக வந்தார். அதனால் ஒருநாளும் அவரைப் பொடியோடு சேர்த்து நான் நினைக்கவே இல்லை.

வேலூருக்குப் போன் செய்தேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாருக்கு அவசரம்?" என்று ஒரே கேள்வி கேட்டார். கணக்குப்படி எஸ்தர்தான் அதிகம் சாப்பிட்டவள்; டிசம்பரிலிருந்து சாப்பிடுகிறாள்.

"கிரேஸுக்கு" என்றேன். எதையும் இரண்டு முறை யோசிக்கிற நான் அன்று ஒரு முறைதான் யோசித்தேன்.

கிரேஸ் அக்காவின் கணவர் டேவிட், எஸ்தருடைய அண்ணன், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவர் ஆட்டோவிலேயே நான்கு பேரும் வேலூர் போனோம். சாயங்காலம் முடிவு வந்தது. கிரேஸ் அக்காவுக்குக் கால்சியம் நன்றாக ஏறியிருந்தது. எஸ்தருக்கு இருக்க வேண்டிய அளவுக்குள்ளேயே இருந்தது.

டாக்டரம்மா ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு எனக்கு விளக்கினார். ஒருத்தியின் மாத்திரை, வந்த வைட்டமினை வேகமாகக் கரைத்துவிடுகிறது. அதனால் பதினைந்து பாக்கெட் போயும் அவள் தப்பித்தாள். இன்னொருத்தியின் மாத்திரை நீரை வெளியேற்றுகிறது, ஆனால் கால்சியத்தை வெளியே விடாமல் தேக்கிவைக்கிறது. அதோடு பொடியும் கால்சியம் மாத்திரையும் சேர்ந்துகொண்டன. "ஒரே பால்தான் சிஸ்டர். போய்ச் சேர்ந்த இடம் வேற வேற" என்றார். இதைப் படித்துவிட்டு, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். எஸ்தர் தப்பித்தாள், அவ்வளவுதான். வேறொருவர் தப்பிக்காமல் போகலாம். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதற்கு நான் மூன்று தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கிரேஸ் அக்காவை அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். நான்காவது நாள் நான் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆம்பூர் பிரியாணிக்கும் ஆற்காட்டு பிரியாணிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பசி வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"ரெண்டு நாளா நான் இன்னா பேசினேன்னு எனக்கே தெரியல சிஸ்டர்" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "ஏதாவது உண்மையைச் சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

டேவிட் அண்ணன் சிரிக்கவில்லை. நான்கு நாளாக அவர் மனதில் இருந்ததைச் சொன்னார்: "இனிமே இந்தப் பொடி என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது சிஸ்டர். இவளுக்கும் வேணாம், எஸ்தருக்கும் வேணாம். அவ பெட்டியே மடிக்கட்டும். பேஜார் வேணாம்."

எஸ்தர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரி என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: டிசம்பரில் பயத்தால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், இப்போது அதே பயத்தால் ஒன்றை நிறுத்தப் பார்க்கிறேன். இரண்டிலும் எஸ்தருக்கு என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு எது பத்திரம் என்றுதான் யோசித்தேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பு மாத்திரை எலும்பை எப்படிப் பாதிக்கிறது, பொடி எதற்கு, கிரேஸ் அக்காவுக்கு ஏன் அது ஒத்துக்கொள்ளவில்லை, நான் ஏன் முதலில் சொல்லவில்லை என்பது வரை. இப்போதைக்கு இருவருக்கும் நிறுத்த வேண்டும். எஸ்தருக்கு மட்டும், மறுபடியும் ரத்தம் பார்த்துவிட்டு, டாக்டரம்மா சொல்கிற அளவில் தொடங்க வேண்டும் என்றேன்.

எஸ்தர் கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அப்போ இந்த மாத்திரை போடற வரைக்கும் எனக்கு அந்தப் பொடியும் வேணும். அப்படித்தான?" என்றாள்.

"அப்படித்தான். மாத்திரையை நிறுத்திடுவியோன்னு பயந்துதான் சொல்லல."

"பதினாறு வருஷமா விழாம இருக்கறேன் சிஸ்டர். ஸ்கூல்ல அசெம்ப்ளி நடக்கறப்போ எல்லார் முன்னாடியும் விழுந்தது யாருக்கு ஞாபகம் இருக்குது? எனக்குத்தான? அந்த மாத்திரைய நான் எதுக்கு நிறுத்தப் போறேன்?"

கிரேஸ் அக்கா விடவில்லை. "அவ மாத்திரைக்கு இது ஜோடி மருந்துன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் அந்தப் பாலத் தொட்டிருக்கவே மாட்டேன். எலும்புச் சத்துன்னு சொன்னா, எலும்பு எனக்கும்தான இருக்குது?"

டேவிட் அண்ணன் முதல் முறையாகச் சிரித்தார். எஸ்தரைப் பார்த்து, "உன் இஷ்டம்" என்றார்.

திரும்பி வந்து நடந்ததை எழுதிப் பொறுப்பு சிஸ்டரிடம் கொடுத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "'நோயாளி தவறாகப் புரிந்துகொண்டார்'னு எழுதாம, 'நான் இப்படிச் சொன்னேன்'னு எழுதியிருக்க. நல்லது" என்றார். "வெளில பதினொரு பேர் உக்காந்திருக்காங்க. போ."

அன்றிலிருந்து பாக்கெட் ஒவ்வொன்றின் மேலும் எந்தத் தேதியில் போட வேண்டும் என்று நானே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்; காலி பாக்கெட்டைக் கொண்டுவந்தால்தான் அடுத்தது. அதைவிட முக்கியம், கொடுக்கும்போது மூன்று விஷயம் பேசுகிறேன்: இது உங்களுடைய எந்த மாத்திரைக்காக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் வேறு யாராவது இதைச் சாப்பிட ஆசைப்படுவார்களா. கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அந்த டூப்ளிகேட் பெரியவருக்கும் முதுகு வலி குறைந்தது. ஆனால் மழைக்காலம் வரை ஆயிற்று.

ஈஸ்டர் முடிந்து எஸ்தருக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். டாக்டரம்மா புது அளவு எழுதிக் கொடுத்தார். இடையில் பொடி நின்ற நாட்களில் பழையபடி ஆகிவிடுவாளோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். ஞாயிறு தோறும் சர்ச் வாசல் படியில் அவள் ஏறுவதை, ஜெபப் புத்தகத்தைப் புரட்டுவது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நின்று, "ஆறு படிதான் சிஸ்டர், ஒவ்வொண்ணா எண்ணாதீங்க" என்றாள்.

ஜூன் முதல் திங்கள்கிழமை லைன் மாடிக்குப் போனது. கம்பெனிக்குள் நான் போக முடியாது. பேக்கிங் கீழேயே இருப்பதால் கிரேஸ் அக்காவுக்குப் படிக்கட்டு முழுவதும் தெரியும். எத்தனை முறை நின்றாள், எங்கே கம்பியைப் பிடித்தாள் என்று பார்த்து வந்து சொல்லச் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் பஸ் வந்தது. எஸ்தர் முதலில் இறங்கினாள், கிரேஸ் அக்கா பின்னால் இறங்கினார். இருவரும் நேராகக் கிளினிக்குக்கு வந்தார்கள்.

காலையில் மேலே போகும்போது பாதியில் ஒரு தடவைதான் நின்றாளாம். கீழே நின்ற பேக்கிங் பெண்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். மேலே போய் நின்று எல்லோருக்கும் கையைக் காட்டினாளாம். கிரேஸ் அக்காவுக்கு அழுகை வந்து, பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றாராம்.

"அது பெருசில்ல சிஸ்டர்" என்றார் அவர். "பதினோரு மணி இருக்கும். மேல இருந்து விறுவிறுன்னு எறங்கி வர்றா. பழைய ஹால்ல நூல் வெட்டற கத்தரிய விட்டுட்டாளாம். எடுத்துக்கிட்டு, மெஷின மாத்தி வச்ச மெக்கானிக்கத் திட்டிக்கிட்டே மேல போய்ட்டா. ஒரு எடத்துல நிக்கல. கம்பியையும் தொடல. நான் வாயத் திறந்துக்கிட்டு நிக்கறேன்."

நான் எஸ்தரைப் பார்த்தேன். "ரெண்டாவது தடவை ஏறினப்போ வலி இருந்துச்சா?"

அவள் நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"எந்த ரெண்டாவது தடவை? ஓ, கத்தரிய எடுக்க வந்தேனே, அதுவா?" என்றாள்.